ஒன்பதாவதில்தான் ஆரம்பம்

தனபாலா,

இந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு கதையை ஒரு புத்தகத்தில் முடிக்கத் தெரியவில்லை. ஒரு வானத்துச் சண்டைக்கு இருபத்துமூன்று புத்தகமா?

முதலாவதிலிருந்து படிக்கச் சொன்னாய். அதில் தளபதிகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்பதாவதின் அட்டையில் சாமான் கப்பல் இருந்தது, அதை எடுத்தேன். பட்டாளத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு பதினோரு வருஷம் வானத்து இருட்டிலேயே போகிறானடா ஒருத்தன். சண்டை முடிந்துபோச்சு என்று வழியில் தெரிந்தும் திரும்பவில்லை. "அங்க பசியோட இருப்பானுங்க" என்கிறான். கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

உன் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுவேன் என்று நான் கத்தியதற்கு மூன்று நாளாக வீட்டில் சாப்பிடாமல் இருக்கிறாய். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

மேரு ஊருக்குப் பஸ் பிடிக்கப் போகிறேன்.

அப்பா

பூட்டிவிட்டுச் சாவியை மீட்டர் பெட்டியில் வை.

முதலாவதை உன் மேசையிலேயே வைத்துவிட்டேன். நீ என்ன சொன்னாலும் ஒன்பதுதான் ஆரம்பம்.