குமாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை

மாப்ளே,

பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய புதுப் படக்கதைப் புத்தகத்தை இன்று வாங்கினேன். கை பழக்கத்தில் வாங்கிவிட்டது. கால் பழக்கத்தில் உன் சலூன் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திருக்கோகர்ணம் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து, என் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். அச்சு மை வாசனை வந்தது. உன் கடையில் அதோடு பவுடரும் சவர சோப்பும் சேர்ந்து வரும். அது இல்லாமல் வாசனை பாதியாக இருந்தது.

முதல் பக்கத்திலேயே குமார். நமக்கு மீசை அரும்பாத காலத்தில் பிளஸ் டூ சேர்ந்தவன். நமக்கு நரைத்துவிட்டது. நீ எனக்கு டை அடித்துவிட்டாய். நான் பதிலுக்கு உனக்கு அடித்துவிடுகிறேன் என்று காதெல்லாம் கறுப்பாக்கினேன். அவன் இன்னும் பிளஸ் டூதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னைத் தற்குறி என்பாயே, இத்தனை வருஷம் ஒரே வகுப்பில் இருப்பவனை என்னவென்று சொல்வது? பக்கத்து வீட்டு மாலதி சைக்கிளில் வந்து அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதித் தருவாள். மில் முதலாளி மகள் நளினி காரில் வந்து ஹாரன் அடிப்பாள். இந்தப் பயல் மாலதி வீட்டில் சாப்பிட்டுவிட்டு நளினி காரில் ஏறுவான். அடுத்த புத்தகத்தில் மறுபடி முதலிலிருந்து.

தெருவே மாலதி கட்சி. நானும்தான். நீ ஒருவன் மட்டும் நளினிக்கு. திருவரங்குளத்து ரைஸ்மில்காரர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் நுரையோடு அவர் உட்கார்ந்திருக்க, நீ கத்தியை ஆட்டி ஆட்டி என்னிடம் நளினிக்காக வாதாடிக்கொண்டிருந்தாய். அவர் கத்தியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நளினியே நல்ல பொண்ணுங்க, இங்கிட்டு வந்து வேலைய முடிச்சிருங்க" என்றார். உன் கட்சிக்கு விழுந்த ஒரே ஓட்டு அதுதான். அதுவும் பயத்தில் விழுந்தது.

பணக்காரி மேல் அப்படி என்ன கரிசனம், காரில் ஏற ஆசையா என்று அன்றைக்கு உன்னை விடாமல் கிண்டினேன். நீ சிரிக்கவில்லை. "மாலதி பக்கம் ஊரே நிக்குது. நளினிக்கு யாருடா இருக்கா?" என்றாய்.

நீ அப்படித்தான். முறை தப்பிச் சவாரி எடுத்தேன் என்று ஸ்டாண்டில் எல்லாரும் சேர்ந்து என்னை ஒதுக்கினார்களே, அப்போது என் வண்டியை உன் கடை வாசலில் போடச் சொன்னவன் நீ. நான் எடுத்தேனா இல்லையா என்று இன்றுவரை நீ கேட்கவே இல்லை.

உன் சம்சாரம் ஒருநாள் என்னைத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தது. "நளினிய நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று நீ போனில் என்னிடம் கத்தியது அதன் காதில் விழுந்திருக்கிறது. யாருண்ணே அந்த நளினி என்று கேட்டது. நான் சும்மா இருப்பேனா? "கார்ல வர்ற பொண்ணு தாயி. ரொம்ப நாளாவே பழக்கம்" என்றேன். உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நீ ஓட்டல் இட்லி தின்று முகம் வாடிய பிறகுதான் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். தங்கச்சி அத்தனையையும் படித்துவிட்டு, "ரெண்டு புள்ளைகளும் இந்தப் பயல விட்டுட்டு வேலையப் பாத்தா என்ன?" என்றது. நாம் இரண்டு பேரும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டோம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிய வாரம், புதுப் புத்தகத்தோடு வந்தேன். எதைச் சொல்லி வம்புக்கு இழுக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து நளினியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, "சரிடா, மாலதியவே கட்டி வச்சிரு" என்றாய்.

டாக்டர் கையை விரித்தபோதுகூட நான் நம்பவில்லை. நீ விட்டுக்கொடுத்ததும்தான் நம்பினேன். "ஓசியில ஜெயிக்க வேணாம்டா எனக்கு. எந்திரிச்சுக் கடைக்கு வந்து எல்லாரு முன்னாடியும் தோத்துட்டுப் போ" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, தங்கச்சி தண்ணீர் கொடுத்தது. மூச்சு நிதானப்பட்டதும் என் கையைப் பிடித்து, "அப்ப நளினிய நீ பாத்துக்க" என்றாய். அதற்குப் பிறகு உன்னை நான் பேசக் கேட்கவில்லை.

இன்று ஸ்டாண்டில் ராசு என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, இவன் பேசாமல் மாலதியைக் கட்டிக்கொண்டால் என்ன என்றான். நான் ஆரம்பித்துவிட்டேன் மாப்ளே. காரில் வந்தால் கெட்டவளா, ஹாரன் அடித்தால் மனசு இல்லையா என்று நீ கேட்டதையெல்லாம் நான் கேட்டேன். ஸ்டாண்டே என் மேல் பாய்ந்தது. ஒண்டி ஆளாக நின்றேன். சவாரிக்கு வந்த ஒரு அம்மா பார்த்துப் பார்த்து, டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

கடைசிப் பக்கத்தில் குமார் ஒரு கையில் நளினி தந்த ஐஸ்கிரீமும் மறு கையில் மாலதி தந்த ஐஸ்கிரீமுமாக, இரண்டும் உருகி முழங்கை வழியே ஒழுக நிற்கிறான். புத்தகத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உன் தெருப் பக்கம் கிளம்புகிறேன். திட்டுவதற்குத் தங்கச்சிக்கும் ஒரு பயல் வேண்டுமே.

நீ இன்னும் தோற்கவில்லை. நளினியை நான் பார்த்துக்கொள்கிறேன்.