கத்தினால் உதைக்கும் பிள்ளை

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விட்டபாடில்லை. தேத்தண்ணியிலும் மணல். பக்கத்து வீட்டுச் சந்தியோகின் கழுதை மறுபடி என் வாழைக்கன்றில். இரண்டு குருத்து போயிற்று. வேலியடியில் நின்று நாலு வார்த்தை.

"உன்ர கழுதையைக் கட்டடா!"

"அது என்ர இல்லை. ஊர்க் கழுதை."

"கஞ்சி ஊத்துறது ஆர்?"

"பசிச்சு வந்தால் ஊத்துவன். நீ வந்தாலும் ஊத்துவன்."

உள்ளே மகள் ஜெசிந்தாவின் சிரிப்பு. தலைப்பிள்ளை, ஏழு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வந்திருக்கிறாள். மருமகன் விடத்தல்தீவில், கடற்தொழில்.

"அம்மா, ஓடி வாங்கோ! அப்பா கத்தினாலே உதைக்குது!"

என் மனுசி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். சந்தியோகின் மனுசியும் பார்த்தாள். மீன் விற்க வந்தவள்கூட. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தகப்பன் கேட்கிற விஷயமா? கேட்கமாட்டேன்.

யூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசல். சந்தியோகின் ஓட்டோ வழியில் நின்றுவிட்டதாம். போன மாதம் நான் திருத்தியது. எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான்: "ஒருத்தரிட்டயும் படியாதவனிட்ட எஞ்சினைக் குடுத்தது என்ர பிழை."

ஓம், ஒருவரிடமும் படிக்கவில்லை. பழுதான எஞ்சின்களைக் கழற்றிக் கழற்றிப் படித்தேன். இந்தக் கரையில் என் கை படாத படகு எஞ்சின் குறைவு.

தீர்மானம்: மன்னிப்புக் கேட்கும்வரை அவனோடு பேச்சில்லை. கழுதை தோட்டம் முழுக்கத் தின்றாலும்.

மனுசி: "சின்னப்பிள்ளையள் கோவம் போட்ட மாதிரி."

யூலை 16, புதன்

வீடு அமைதி. கழுதை மிச்சக் கன்றுகளையும் முடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். சந்தியோகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமினான். இரண்டு தரம். நான் திரும்பவில்லை.

சவர்க்காரம் முடிந்தது, வாங்க வேண்டும்.

யூலை 18, வெள்ளி

காலை முழுக்கப் பிள்ளை அசையவில்லை. ஜெசிந்தாவின் முகத்தில் சிரிப்பில்லை. மருத்துவமாதுவுக்குப் போன்.

"பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பக்கத்தில் இருப்பது ஒரே ஓட்டோ. மனுசி வாய் திறக்கமுதல் நான் வேலியடியில்.

"சந்தியோகு! ஓட்டோவை எடு!"

ஒரு கேள்வி கேட்கவில்லை. உடுத்த சாரத்தோடு வந்தான்.

பாதி வழியில், நடுறோட்டில், கழுதைக் கூட்டம். அவன் நிறுத்திவிட்டு மெல்ல மெல்ல ஹோர்ன் அடிக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்ர சொந்தக்காரரை விலகச் சொல்லடா!"

"கத்தாதை! வெருண்டால் உதைக்கும்!"

உதைத்தது. கழுதை அல்ல.

ஜெசிந்தா "ஐயோ அப்பா" என்று என் கையைப் பிடித்திழுத்து வயிற்றில் வைத்தாள். படகு எஞ்சினின் கயிற்றை இழுக்கும்போது, அது பிடிக்கிற நேரம் கைக்குத் திருப்பி ஓர் அடி வரும். அதேதான். அந்த அடிக்காக எத்தனை வருசம் கயிறு இழுத்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை கையை எடுக்கவில்லை.

சந்தியோகு கண்ணாடியில் பார்த்தான். "அசையுதா?"

"நீ றோட்டைப் பார்."

அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. புழுதி என்றான்.

டொக்டர் சோதித்தார். துடிப்பு நல்லது. "உடன வந்ததுதான் சரி. இனியும் அசைவு குறைஞ்சால் உடன வாங்கோ."

யூலை 19, சனி

காற்று கொஞ்சம் குறைவு. விடிந்ததிலிருந்து பிள்ளை துள்ளுகிறதாம். ஜெசிந்தாவின் கட்டளை: நானும் சந்தியோகும் தினமும் ஒரு தரம் சண்டை பிடிக்க வேண்டும்.

சந்தியோகு தலையைச் சொறிந்தான். "என்னத்துக்கு எண்டு பிடிக்கிறது பிள்ளை?"

மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. புதிதாக இரண்டு வாழைக்கன்று நட்டேன். வேலிக்குக் கிட்ட.

படலைச் சத்தம். கழுதை உள்ளே வந்துவிட்டது. திறந்துவிட்டவன் கஞ்சி வாளியோடு நின்று சிரிப்பது யன்னலால் தெரிகிறது. எழும்பினேன்.

"அப்பா, வேலிக்குப் போகாதேங்கோ. எனக்குப் பக்கத்தில இருந்து கத்துங்கோ."

கதிரை ஏற்கனவே போட்டு வைத்திருக்கிறாள்.