வலது கையில் இருந்த தூண்டில்

அன்புள்ள அத்தான்,

முதலில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சொல்லும் மற்ற எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள்.

மழை பெய்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. சிலேத்தார் நீர்த்தேக்கம் இறங்கி, கரைக் கற்களில் ஒரு முழத்துக்கு வெளுத்த பட்டை தெரிகிறது. ஓரத் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. பீகாக் பாஸ் மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. விடிந்ததும் அரை மணி நேரம், பொழுது சாயும்போது அரை மணி நேரம், அவ்வளவுதான் கடிக்கிறதாம். நடுவில் எத்தனை முறை வீசினாலும் இரையாகக் கட்டிய ரப்பர் மீன் குளித்துவிட்டுத் திரும்பி வருகிறதாம். போன வருஷம் அந்த வாரமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் தூண்டில் குழுவில் கேட்டார்கள். அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை படையலுக்கு வருகிற எல்லாருக்கும் கொடுப்பார்களாம். "கடைசியா கூட இருந்தவன் நீதான், நீயே எழுது லா" என்றார்கள். 'சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்துவிட்டார்' என்று மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். அது பொய் என்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கே சொன்னீர்கள். "டேய், இடது தோள் என்னமோ பண்ணுதுடா. வீட்டுக்குப் போயிடலாமா? உங்க அக்கா கையால ஒரு டீ குடிச்சா சரியாயிடும்."

நீங்கள் இடக்கைக்காரர். காலையிலிருந்து ஓயாமல் வீசிக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்தேன். "வீசி வீசி வலிக்குது அத்தான். வயசாயிடுச்சு லா. கையை மாத்திப் புடிங்க. ஆறு மணிக்கு மீன் மேல வரும், பாத்துட்டுப் போலாம்." நீங்களும் தலையாட்டிவிட்டுக் கையை மாற்றிக்கொண்டீர்கள். அந்த வெயிலில் இன்னும் இரண்டு மணி நேரம். ஏன் அத்தான் என் பேச்சைக் கேட்டீர்கள்? யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற ஆள், அன்றைக்கு மட்டும் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

ஐந்தரைக்கு உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது மீன் மேலே வர ஆரம்பித்திருந்தது. உங்களைத் தூக்குகிற நேரத்தில் நான் அதையும் பார்த்தேன். பார்த்த கண்ணை என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் "திடீர்னு ஆயிடுச்சுக்கா" என்றேன். அன்று முதல் அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தம்பி பக்கத்துல இருந்தான், எனக்கு அது போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு தவறாமல் எனக்குச் சோறு கட்டித் தருகிறாள். அவள் குடியிருக்கும் ஈசூன் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கியதும் அந்தப் பாத்திரம் கையில் கனக்கிறது.

போன வாரம் லிட்டில் இந்தியாவில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். அன்று நாலு மணிக்கு நான் எடுத்த படம். சிரிக்கிறீர்கள், நெற்றியெல்லாம் வியர்வை. கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"தூண்டில் ஏன்டா வலது கையில இருக்கு?"

"போட்டோவுக்காக மாத்திப் புடிச்சாருக்கா."

"ஓ" என்றாள். "போட்டோன்னா அவருக்கு ஒரே குஷி." பிறகு கடைக்காரரிடம் சட்டத்தின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஒரு பொய் இரண்டாகிவிட்டது அத்தான். இப்போது அந்தப் படம் ஹாலில் தொங்குகிறது. படையலன்று அதன் கீழே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்? அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். சொன்னால் அவளையும் இழந்துவிடுவேன். சொல்ல நினைப்பதுகூட அவளுக்காகவா, என் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைக்கவா? யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஒன்று மட்டும் விளங்குகிறது. கடைசியாக நீங்கள் கேட்டது மீன் இல்லை, அவள் கையால் ஒரு டீ. அது அவளுக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு. ஒரு வருஷமாக நான் அமுக்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தை முதலில் அவள் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அடித்தாலும் எழுந்து ஓட மாட்டேன். அவள் சரி என்றால்தான் இது அச்சுக்குப் போகும். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை காலை வரைக்குமாவது
உங்கள் மச்சினன்