முப்பத்தேழு டெம்ப்ளேட்டும் ஒரு கேட்டும்

மச்சான்,

இன்று காலை நம் இரத்ததான இணையப் பக்கத்துக்கு டெம்ப்ளேட் கம்பைலரின் புதிய பதிப்பைப் போட்டேன். வெளியே விடவில்லை, என் கணினியில் மட்டும். ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. அப்புறம் கம்பைலருக்காக நீ எழுதிய பைலைத் திறந்தேன். முதல் வரியில் உன் குறிப்பு: "இதுல கை வைக்க முதல், கம்பைலர் எழுதினதை வாசி. நான் எழுதினதை இல்ல." உன் குரலைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

இந்தப் பக்கத்தை நாம் தொடங்கியது உன் மாமாவின் கிராம்புக் கடைக்கு மேல் இருந்த அறையில். இரத்தம் தேவைப்படுகிறவர்கள் தேடினால் கொடுப்பவரின் பெயரும் ஊரும் மட்டும் தெரிய வேண்டும். தொலைபேசி எண் நம் இருவருக்கு மட்டும். மறைக்கும் வேலையை நான் எடுத்தேன். ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் ஒரு வார்ப்பு, மொத்தம் முப்பத்தேழு டெம்ப்ளேட். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணை வெட்டி, பகல் சாப்பாட்டுக்கு முன் "எல்லாம் சரி" என்றேன்.

நீ ரோல்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டாய்: "பார்த்துச் சொல்றியா, நினைச்சுச் சொல்றியா?"

"உன் வேலையப் பார்ரா."

இரண்டு வாரம் கழித்து சுகந்தி படியேறி வந்தாள். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து டவுனில் துணிக்கடையில் வேலைக்கு நிற்பவள். நம் பட்டியலில் ஓ நெகட்டிவ் அவள் ஒருத்திதான். அச்சிட்டு ஒட்டும் அறிவித்தலுக்கான டெம்ப்ளேட்டை நான் மறந்திருந்தேன். யாரோ அதை அச்செடுத்து பஸ் நிலையத்தில் ஒட்டிவிட்டார்கள், அவள் எண்ணோடு.

"ரத்தம் குடுக்கத்தானே அண்ணா பேரு குடுத்தேன். கண்டவன் எல்லாம் கூப்பிட்டு 'தங்கச்சி, டீ குடிச்சாச்சா'ன்னு கேக்குறான். என் பேரை வெட்டிடுங்க."

"அந்த ஒண்ணுதான் தங்கச்சி, இப்பவே திருத்துறேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நீ அவள் பெயரை வெட்டினாய். அவள் இறங்கிப் போன பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"முப்பத்தெட்டாவது டெம்ப்ளேட் எழுதுற அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருக்குமா?"

"வேற என்னதான்டா செய்யச் சொல்ற?"

"வாப்பாவோட தம்புள்ளைச் சந்தையில எத்தனை நாள் நின்னிருக்கேன். உள்ள எவ்வளவு லொறி சுத்தினாலும் வெளிய போறது கேட்டாலதான். நீ என்னத்துக்கு லொறி லொறியா ஓடுற? கேட்டுல போய் நில்லு."

"எது கேட்?"

"அதைத்தான் தேடணும்."

கம்பைலர் டெம்ப்ளேட்டை நிரலாக மாற்றுகிறது, அந்த நிரல்தான் பக்கத்தை எழுதுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒருநாளும் திறந்ததில்லை. நீ திறந்தாய். அசிங்கமாக இருந்தது. நாம் அழகாக அடுக்கிய பெயர், ஊர், எண் எல்லாம் 'எழுது, எழுது, எழுது' என்று ஒரே மாதிரி வரிகளாக நின்றன. அந்தக் கட்டளையைத் தாண்டாமல் ஒன்றும் வெளியே போகவில்லை. "இந்தா, கேட்" என்றாய். அந்த வரியை உண்டாக்கும் செயற்கூறைக் கம்பைலருக்குள் தேடிப் பிடித்து, அதற்குப் பதில் ஓடும்படி ஒரு தனிப் பைலில் உன் செயற்கூறை எழுதினாய். அதன் பிறகு 'எழுது' இருந்த இடமெல்லாம் 'பார்த்து எழுது' என்று வந்தது. தொலைபேசி எண் வந்தால் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். பதினொரு வரி. ஒரு டெம்ப்ளேட்டையும் நீ தொடவில்லை. எனக்கு எரிச்சல், ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு சுகந்தியைக் கூப்பிட்டு, சோதனைப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டு, "நீயே தேடு. முழு நம்பரும் கிடைச்சா எங்களை ஏசு" என்றாய். அரை மணி நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. பட்டியலுக்குத் திரும்பினாள்.

அதற்கடுத்த மாரிக்காலத்தில் நாவுலயில் உன் சாச்சாவின் வயலில் இறங்கினாய். எலிக்காய்ச்சல். ஒன்பது நாளில் உன்னை அடக்கிவிட்டு வந்தோம்.

இன்று உன் குறிப்பின்படி கம்பைலர் எழுதியதை வாசித்தேன். 'பார்த்து எழுது' ஒரு வரியிலும் இல்லை. அந்தச் செயற்கூறைக் கம்பைலரைச் செய்பவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். உன் பதினொரு வரி அப்படியே இருக்கிறது. அதைக் கூப்பிடத்தான் நிரலில் ஒன்றும் இல்லை. சோதனைப் பக்கத்தில் சுகந்தியின் எண் முழுதாகத் தெரிந்தது.

ஏன் பிரித்தார்கள் என்று தோண்டினேன். மாறாத எழுத்துக்கு ஒரு வழி, பெயர், எண் போன்ற மாறும் மதிப்புக்கு இன்னொரு வழி. புத்திசாலித்தனமான வேலை, நீ பார்த்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பாய். உன் வரிகளை இரண்டாவது வழிக்கு நகர்த்தினேன். இப்போது ஐம்பத்திரண்டு டெம்ப்ளேட். அத்தனைக்கும் கம்பைலர் எழுதிய நிரலை வரி வரியாக வாசித்தேன். எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை, மச்சான். ஆனால் திறந்து பார்க்காமல் 'சரி' என்று சொல்ல வாய் வருவதில்லை. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

எண் வெளியே போகவில்லை. சுகந்திக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"வெளிய போயிருச்சா அண்ணா?"

"இல்ல, என் மெஷின்ல மட்டும். திருத்திட்டேன். ஐம்பத்திரண்டையும் வாசிச்சிட்டேன். நீயும் வந்து தேடிப் பாரு. பேரை வெட்டணும்னாலும் சொல்லு."

"நீங்களா அண்ணா உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சீங்க?"

"ஆமா."

சிரித்துவிட்டாள். "அப்ப பேரு இருக்கட்டும்."