ஒன்றரை நட்சத்திரக் கல்லூரி

நவம்பர் 10
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி.யில் இன்று நூற்று நாற்பது பேர். இரண்டு நாள் மழைக்கே திருச்சுழி வட்டாரம் முழுக்க இருமல். மதியம் சோற்றில் கை வைத்தபோது அண்ணன் ஏழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். எல்லாம் ஒரு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு துறையைப் பற்றி அங்கே படிக்கிறவர்கள் பேர் போடாமல் எழுதியவை. “நரகம்.” “எச்.ஓ.டி. ஒரு ராட்சசி.” “முப்பத்தாறு மணி நேரம் நின்றேன், தண்ணீர் குடிக்க நேரமில்லை.” “ஒரு பெண் படிப்பையே விட்டுவிட்டுப் போனாள்.” மொத்தத்தில் ஒன்றரை நட்சத்திரம்.

என் ரேங்குக்கு மகப்பேறு மேற்படிப்பு படிக்க இரண்டே கல்லூரிகளில்தான் இடம் கிடைக்கும். ஒன்று இது. இன்னொன்றுக்கு நாலரை நட்சத்திரம். பதினேழாம் தேதிக்குள் கலந்தாய்வில் எது முதலில் என்று போட்டு முடிக்க வேண்டும். சேர்ந்த பிறகு விட்டுவிட்டு வந்தால் இன்னும் சில வருடத்துக்குக் கலந்தாய்வுப் பக்கமே போக முடியாது. மூன்றாவது தடவை எழுதி வாங்கிய ரேங்க். எனக்கு வயது முப்பத்தொன்று.

“இதுல யோசிக்க என்ன பாப்பா இருக்கு? சாப்பிடுற ஓட்டல்னாக்கூட மூணு நட்சத்திரத்துக்குக் கீழ நான் போறதில்ல” என்கிறான். அண்ணன் உதயகுமாருக்கு எல்லாமே ஓட்டல்தான்.

நவம்பர் 11
பேர் போடாமல் எழுதுகிறவர்களை எப்படி நம்புவது? பேர் போட்டு எப்படி எழுதுவார்கள், பாஸ் பண்ண வேண்டாமா? இரண்டு பக்கமும் நானே பேசி நானே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ரெஃபர் செய்த நோட்டைப் புரட்டும்போது தோன்றியது. மூன்று வருடமாகச் சிக்கலான பிரசவங்களை இந்த இரண்டு இடங்களுக்கும்தானே 108-இல் ஏற்றி அனுப்புகிறேன்? போனவர்கள் பிள்ளையோடு திரும்பி வந்து இங்கேதான் தடுப்பூசி போடுகிறார்கள். அங்கே டாக்டர்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்தவர்கள். அவர்களிடம் யாரும் நட்சத்திரம் கேட்டதில்லை.

எங்கள் கிராம செவிலியர் மரியசெல்வி அக்காவிடம் சொன்னேன். “என்ன டாக்டர், மாப்பிள்ள வீட்டப் பத்தி விசாரிக்கிற மாதிரில்ல இருக்கு” என்று சிரித்தார். ஆமாம், அப்படித்தான். மூன்று வருடம் குடித்தனம் நடத்தப் போகிறவள் நான்.

நவம்பர் 12, புதன்
தடுப்பூசி நாள். ஒரே கேள்விதான் கேட்டேன்: ரொம்பக் கஷ்டமான நேரத்துல பெரிய டாக்டர் பக்கத்துல வந்தாகளா?

நாலரை நட்சத்திரத்தில் பெற்றவர்கள் ஐந்து பேர். சின்ன டாக்டர்கள் தங்கமான பிள்ளைகள் என்றார்கள் ஐந்து பேருமே. பெரிய டாக்டர்? அவர்களில் ரேணுகாதேவி யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: “அப்பிடி யாரும் வரல டாக்டர். ரெண்டு சின்னப் புள்ளைகதேன் ஆபரேசன் பண்ணுச்சுக. ஒண்ணு போன்ல கேட்டுக் கேட்டுச் செஞ்சுச்சு.”

இதைத்தான் அந்தக் கல்லூரிக்காரர்கள் ‘முழுச் சுதந்திரம்’ என்று எழுதி நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றரையில் பிழைத்தவள் பிரவீணா. பிப்ரவரியில் ரத்தப்போக்கோடு நான் அனுப்பியவள். “ஒரு சின்ன டாக்டரு கைய உள்ள வச்சு அமுக்கிக்கிட்டே அழுதுச்சு. பெரிய டாக்டரம்மா வந்தாக. கைய எடுக்காதன்னு அது தோளப் புடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னாக. ரத்தம் நிக்கிற வரைக்கும் நகரல. பெறகு எல்லார் முன்னாடியும் அந்தப் புள்ளைய வஞ்சாக பாருங்க, எனக்கே பாவமாப் போச்சு.”

“அந்தப் பொண்ணு எப்ப வீட்டுக்குப் போச்சு?”

“எங்க போச்சு? மறுநா சாயங்காலமும் அதே சுடிதாருதேன்.”

ஆக, எழுதியிருப்பது பொய்யில்லை. பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன், சே.

நவம்பர் 15
படிப்பை விட்டுவிட்டுப் போன அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். ஜெப ஷீலா. பாளையம்பட்டியில் ஒரு கிளினிக்கில் இருக்கிறார். மரியசெல்வி அக்காதான் விசாரித்துச் சொன்னார்.

“நான் ஒண்ணும் எழுதல. எழுதுறவுக எல்லாம் உள்ளதான் இருக்காக” என்றார். காய்ச்சல் நூற்றிரண்டோடு இரண்டு நாள் நின்றிருக்கிறார். ட்யூட்டி போடுவது மூன்றாம் வருடத்துக்காரர்கள். அவர்களுக்கும் முன்பு அப்படித்தான் போட்டார்களாம்.

“மேடத்துகிட்ட முடியலன்னு சொன்னீங்களா?”

“யாருமே சொன்னதில்ல. சொன்னா என்ன செய்வாகன்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது.”

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, “போகாதீக” என்றார். அவர் பயந்தவர் என்று எவனாவது சொன்னால் அறைவேன். இத்தனை வருடமாக அந்த மேடத்திடம் போய் வாயைத் திறக்க ஒருவருக்கும் தைரியமில்லை, இவர் மட்டும் எப்படித் திறப்பார்?

நவம்பர் 17
ஒன்றரையை முதலில் போட்டேன்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று போனிலேயே கத்தினான் அண்ணன். கத்தட்டும். நான் கத்தியைப் பிடிக்கும்போது கற்றுக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். வசவு வாங்கிக்கொள்வேன். ஆனால் முடியாதபோது முடியாது என்று சொல்லத்தான் போகிறேன். அப்படிச் சொன்னதற்கே என்னை வெளியே அனுப்பிவிட்டால்? மூன்று தடவை எழுதியதும் போச்சு. தெரிந்துதான் போட்டேன்.

ஜனவரி 9
ஒன்றரையிலேயே இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன். நிற்கிறேன். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜனவரி 22
சொல்லிவிட்டேன்.

முப்பத்திரண்டு மணி நேரம். பிரசவமான ஒருவருக்குத் தையல் போட ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். மூன்றாம் வருட தங்கலட்சுமி அக்கா, “மேடம் வர்ற நேரம், அசையாத” என்றார். மேடம் வந்தார். நேராக அவரிடம் போனேன்.

“நேத்துக் காலையில இருந்து நிக்கிறேன் மேடம். கை நடுங்குது. இந்தத் தையல நான் போட்டாத் தப்பாப் போயிரும். நான் போய்த் தூங்கணும்.”

“பி.எச்.சி.யில இப்படித்தான் வேலை பார்த்தியா?” என்றார்.

“ஆமா மேடம். என்னால முடியாதுன்னு தெரிஞ்சா ஒத்துக்குவேன். அப்படி ஒத்துக்கிட்டு ஒங்ககிட்ட அனுப்புனவுகதான் பொழச்சு வந்தாக.”

மேடம் என் கையிலிருந்த ஊசியை வாங்கினார். “போ.”

திட்டா, அனுமதியா? தெரியவில்லை. போய் ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

ஜனவரி 23
காலையிலேயே மேடம் வைதார். பி.பி. குறித்து வைக்கவில்லை என்று. என் தப்புதான். தூங்கப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீனியர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் தனியாக உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20
சீனியர்கள் இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போங்கள். பரோட்டாவுக்குக் கம்பெனி தேடியா வந்தேன்? நேற்று மேடம் என் கைமேல் கை வைத்து முதல் சிசேரியனைச் செய்யவைத்தார். வைதுகொண்டேதான்.

ஆனால் ட்யூட்டி பட்டியல் மாறவே இல்லை. நான் ஒருத்தி தூங்கியதால் துறை திருந்திவிடவில்லை. ராத்திரி அழுகை வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6
காலை பத்து மணி. தங்கலட்சுமி அக்கா என்னைப் பிரசவ அறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணெல்லாம் சிவப்பு. ஆறு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

“அன்னைக்கி மேடத்துகிட்ட என்ன சொன்ன? அதே வார்த்தைய அப்படியே சொல்லு.”

சொன்னேன். வாய்மொழித் தேர்வுக்குப் போகிற மாதிரி இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மேடம் அறைக் கதவைத் தட்டினார்.

பதினொன்றரைக்கு அக்கா ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா பார்க்க வேண்டிய கட்டில்களை மேடம் பார்த்தார், என்னை வைதுகொண்டே.