மேசைக்கு வராத சேனல்

ரோஸ்டாக்,
ஜூன் 12, 2025

ஃபென்யாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு அதைக் கேட்க முகமில்லை. நீ நலமாக இல்லை என்பது நேற்று மதியம் இரண்டே காலுக்குத் தெரிந்துபோனது. முதுகுவலி, மூன்று வாரம் தீவில் வைத்தியம், சேற்றுக் குளியல், கடல் காற்று என்று நீ சொன்னதை அப்படியே நம்பினேன். "போய் நல்லா ஊறிட்டு வா" என்று கிண்டல் வேறு செய்து அனுப்பினேன். உன் முதுகுக்கு ஒன்றுமில்லை. உன் இடது காது கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து கேட்கவில்லை.

எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்தேன். இன்னும் நம்பமுடியவில்லை.

போன் செய்யாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் பேசினால் முதல் நிமிடத்திலேயே ஏதாவது உளறுவேன், நீ சிரித்துச் சமாளித்துவிடுவாய், விஷயம் அங்கேயே புதைந்துவிடும். தாளில் நீ என்னை மறிக்க முடியாது. விலாசம் ஹென்னிங் கொடுத்தது. அவனைத் திட்டாதே. அவன் லேசில் கொடுக்கவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மூன்று பேருக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. மேடையில் நீயும் ஹென்னிங்கும் பேசிக்கொள்ளும் அந்தத் தனி மைக்கை யாரும் கேட்பதில்லை, பதிவு செய்வதில்லை. சட்டத்தைப் போட்டவனே நான்தான். நீங்கள் இருவரும் பாட்டுக்கு நடுவே முன்வரிசைக்காரனின் மீசையைப் பற்றிப் பேசிச் சிரிப்பது என் கவனத்தைக் கெடுக்கிறது, அந்தச் சேனல் என் ஒலிக் கலவை மேசைக்கே வரக்கூடாது என்று வயரையே வெட்டிவிட்டேன். ஆனால் இந்தச் சுற்றுப்பயணத்துக்குப் புதிதாக வாங்கி மேடையடியில் வைத்த பதிவுப் பெட்டி, மேசைக்குப் போகுமுன்பே முப்பத்திரண்டு சேனலையும் தானாகவே பதிந்துகொள்ளும். அந்த ஒன்றை மட்டும் விலக்கி வைக்க மறந்துவிட்டேன். இருபத்துமூன்று ஊர்களும் முழுசாக அதில் இருக்கின்றன.

நேற்று நம் குழுவின் பத்தாம் ஆண்டு நேரடிப் பாட்டுத் தொகுப்புக்காக லைப்சிக் நிகழ்ச்சியின் பதிவைக் கலவை செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடத்தில் உன் மைக்கில் மெல்லிசாக ஒரு சத்தம். ஏதோ வயர் கசிகிறது என்று நினைத்தேன். மற்ற எல்லாவற்றையும் மூடி ஒவ்வொரு சேனலாகத் திறந்து தேடினேன். முப்பத்தொன்றாவதைத் திறந்தபோது ஹென்னிங்கின் குரல். "மூணு... நாலு... உள்ள வா." அடுத்த பாட்டு. "ரெண்டு... மூணு... இன்னும் இல்ல, இன்னும் இல்ல... இப்ப!" அதற்கடுத்தது. இருபத்தொரு பாட்டுக்கும், ஒவ்வொரு அடியின் திருப்பத்துக்கும், அவன் உனக்கு எண்ணிக்கொண்டே இருக்கிறான், குழந்தையைக் கைபிடித்துச் சாலை கடத்துகிற மாதிரி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு எதற்கு எண்ணவேண்டும்? தாளம் எண்ணும் 'டிக் டிக்' உன் இடது காது இயர்போனில் போகிறது. முதல் மேடையிலிருந்தே அப்படித்தான் அமைத்திருக்கிறேன்: இடப்பக்கம் டிக், வலப்பக்கம் உன் குரலும் இசையும், நேராக ஹென்னிங்கின் தனி மைக்கும். டிக் கேட்கிறவளுக்கு எண்ணிச் சொல்ல ஆள் எதற்கு?

அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது: அந்தக் காதில் டிக் கேட்கவில்லை. டிக்கை வலப்பக்கம் மாற்று என்று என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்டால் ஏன் என்று நான் கேட்பேன். அதனால் நீ கேட்கவில்லை.

பின்னோக்கிப் போனேன். டிரெஸ்டன், மியூனிக், கொலோன், எல்லா ஊரிலும் எண்ணிக்கை. முதல் மூன்று ஊரில் மட்டும் இல்லை. அங்கே மீசைக் கிண்டல்தான். நான்காவது ஊர் எர்ஃபுர்ட்.

எர்ஃபுர்ட்டை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன். கூட்டம் போட்ட சத்தத்தில் டிக் கேட்கவில்லை என்று நீ சைகை காட்டினாய். ஏற்றினேன். போதவில்லை. சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் பூட்டு ஒன்று உன் இடப்பக்கச் சேனலில் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். பிறகு டிக் கரகரத்தது. கேபிள் கோளாறு என்று குனிந்தபடி மேடைக்கு ஓடிவந்து, உன் இடுப்புக் கருவியிலிருந்து பிடுங்கி வேறொன்றைச் சொருகினேன். சேனலை மூடாமல்.

மூடாமல், ஃபென்யா. கப்பல் கட்டும் தளத்தில் நாம் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள் மின்பிரிவுக் கிழவர் சொன்ன முதல் பாடம் அது: முதலில் மூடு, பிறகு பிடுங்கு. நம்மோடு வேலை செய்ய வரும் ஒவ்வொருவனுக்கும் நான் அதைக் கத்திக் கத்திச் சொல்கிறேன். அன்றைக்கு மேசையை இயக்கும் டேப்லெட் என் இடது கையில்தான் இருந்தது. ஒரு விரல் தட்டியிருந்தால் போதும், அந்த வெடிச் சத்தம் உன் காதில் இறங்கியிருக்காது.

நீ ஒற்றை முழங்காலில் விழுந்தாய். கூட்டம் அதைப் புது நடனம் என்று நினைத்து ஆர்ப்பரித்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். "சூப்பர், இதை டெய்லி வெச்சுக்க" என்று நிகழ்ச்சி முடிந்ததும் உன் முதுகைத் தட்டினேன். நீயும் வைத்துக்கொண்டாய். அடுத்த ஊரிலிருந்து நீ முழங்கால் போடும்போது அரங்கமே முழங்கால் போட்டது.

அந்த இடத்தில் முப்பத்தொன்றாவது சேனலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதலில் உன் மூச்சு மட்டும். பிறகு ஹென்னிங், "ஏய், என்ன ஆச்சு? எந்திரி." நீ, "இடது பக்கம் செத்துப்போச்சுடா. விசில் அடிக்குது, வேற ஒண்ணுமே கேக்கல." அவன், "நிறுத்தட்டுமா?" நீ, "நிறுத்தினே, கொன்னுருவேன். எண்ணு. நீ எண்ணு, நான் பாடறேன்."

நிகழ்ச்சி முடிந்து நீங்கள் இறங்கும்போது மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. நீ சொல்கிறாய், "தோர்பென்கிட்ட சொல்லாத. அவன் பண்ணினதுன்னு தெரிஞ்சா அத்தோட அவன் மேசையையே தொடமாட்டான். உனக்குத் தெரியும்ல அவனை."

அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை.

மறுநாள் காஸல் நகரத்தில் ஒலிச் சோதனை. இடப்பக்கம் வரவில்லை என்று நீ ஒரே ஒரு முறை சொன்னாய். காது போனதை நம்பமுடியாமல் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது, கேபிள் கோளாறாக இருந்துவிடாதா என்று. நான் அளந்து பார்த்துவிட்டு, வேலைக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கேபிள் நல்லாத்தான் இருக்கு. உன் காதுதான் ரிப்பேர்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சரிங்க எஞ்சினீயர் சார்" என்றாய். அன்றோடு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் என்னடாவென்றால் இவள் கடைசியில் அடங்கினாள் என்று சந்தோஷப்பட்டேன்.

நேற்றே ஹென்னிங் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரத் தொட்டியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும், "அந்தச் சேனலைத் திறந்துட்டியா?" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "பத்து வருஷமா உன் மூஞ்சியப் பாக்கறேன். சாவு வீட்டுக்குக்கூட நீ இப்படி வந்ததில்ல" என்றான். நான் கத்தினேன். டாக்டரிடம் அன்றே கூட்டிப்போயிருக்க வேண்டாமா, முதல் சில நாளில் மருந்து கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்குமே, நீ எல்லாம் நண்பனா என்று கேட்டேன். அவனும் கத்தினான். "நாலாம் நாள் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன்டா. மாத்திரை தின்னுட்டுதான் பாடினா. இருபது ஊரு எண்ணி என் நாக்கு காஞ்சுபோச்சு. நீ ஒரு ஊர்லயாவது மேசைய விட்டு எறங்கி வந்து, ஏன் இவ எப்பவும் தலையச் சாச்சே நிக்கறான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பார்த்தேன். கூட்டத்துக்காகப் பிடிக்கும் பாவனை என்று நினைத்தேன்.

அப்புறம் அவன் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். டாக்டர் உனக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னான். வலது காதும் அடிவாங்கியிருக்கிறது, இன்னொரு முறை மேடைச் சத்தம் பட்டால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. நீ அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜூலை 26 துறைமுக நிகழ்ச்சியைப் பாடிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று சொல்லியிருக்கிறாய். "போனா போகட்டும், நம்ம ஊரு" என்றாயாம்.

நம்ம ஊரு. எனக்கும் தெரியும். கப்பல் தளத்தை மூடப்போகிறார்கள் என்று சாப்பாட்டுக் கூடத்தில் நம் முந்நூறு பேரையும் உட்காரவைத்து அறிக்கை வாசித்தார்கள். நீ அந்த அறிக்கையை வரிக்கு வரி எடுத்து, தகடு நசுக்கும் இயந்திரத்தின் சத்தத்தை ஹென்னிங் தாளமாக வெட்டித்தர, மூன்றாவது வாசலில் காவலாளி கூண்டுக்குள் நின்று ஒரே மூச்சில் பாடினாய். பத்தொன்பது வயதுகூட ஆகாத மூன்று பேர். அதிலிருந்துதான் நம் குழுவுக்கு 'மூன்றாம் வாசல்' என்று பெயர். ஆறு மாதத்தில் வேலை போன ஊர் முழுக்க அந்தப் பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது தொகுப்பு நாடு முழுக்கப் போனது. மூன்றாவதை நான் கெடுத்தேன். இயந்திரத்தை மட்டும் வைத்து, உன் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, புத்திசாலித்தனம் காட்டினேன். மாணவர் விடுதிக் கூடத்தில் நாற்பது பேருக்கு முன் பாடும்படி ஆனது. அப்போதும் நீ பழி சொல்லவில்லை. "நாப்பது பேரும் நல்லா ஆடினாங்கடா" என்றாய். நாலாவதில் மறுபடி எழுந்தோம். இந்த வருடம் இருபத்துமூன்று ஊரிலும் டிக்கெட் கிடைக்காமல் வாசலில் நின்றார்கள். இப்போது சொந்தத் துறைமுகத்தில் இருபதாயிரம் பேர், முன்வரிசை முழுக்க அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அதை விட்டுக்கொடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? எனக்குத்தான் துளியும் இல்லை.

உரிமை இல்லாமலே சொல்கிறேன்.

நான் செய்துவிட்டவை இவை. நேரடித் தொகுப்பின் அட்டைக்கு நீ முழங்கால் போட்ட எர்ஃபுர்ட் படத்தைத்தான் இசை நிறுவனத்து மார்லிஸ் தேர்ந்தெடுத்திருந்தாள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றாள், அந்தப் படம் பொய் என்றேன், அதற்குமேல் சொல்லவில்லை. நாளை வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய தொகுப்பைக் கொடுக்கப் போவதில்லை. முப்பத்தொன்றாவது சேனலை அழிக்கவும் இல்லை. அது உன்னுடையது, நீ சொல்கிறபடி செய்கிறேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. துறைமுக நிகழ்ச்சியை ரத்து செய்யவும் இல்லை. அது உன் வாயால் வரவேண்டும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள். அந்த டாக்டர் காகிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நீ 26ஆம் தேதி மேடை ஏறினால், நான் உன் மைக்கைத் திறக்கமாட்டேன். இருபதாயிரம் பேர் கூச்சல் போட்டாலும் சரி, நீ என்னை அவர்கள் முன்னால் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி. திட்டுவது யாருக்கும் கேட்காது.

நேற்றிலிருந்து எனக்குத் தெரிந்த வழியெல்லாம் யோசித்துவிட்டேன். இயர்போனே இல்லாமல், உன் காலடிப் பலகை வழியாகத் தாளத்தை அதிரவைக்கலாம். மேடை ஒலிபெருக்கிகளை எல்லாம் எடுத்துவிடலாம். கண்ணாடிச் சுவர் போட்டு உன்னைத் தனியே நிறுத்தலாம். மூன்று பாட்டு மட்டும், உட்கார்ந்து, பேச்சு மாதிரி. எவ்வளவு சத்தம் உன் வலது காதுக்குத் தாங்கும் என்று தெரிந்தால் என்னால் ஏதாவது கட்ட முடியும். தெரியாமல் எதையும் தொடமாட்டேன். இனி ஒருபோதும் ஊகத்தில் உன் காதில் கைவைக்கமாட்டேன்.

அதனால் அங்கே இருக்கும் டாக்டரிடம் போ. எத்தனை டெசிபல், எத்தனை நிமிடம் என்று நேராகக் கேள். சிரித்து மழுப்பாதே. அவர் சொல்லும் எண்ணை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. வேறொன்றும் எழுதவேண்டாம். என்னை மன்னித்ததாக எழுதாதே, நீ எழுதுவாய், எனக்கு அது தாங்காது. எண் மட்டும் போதும். அது பூஜ்யமாக இருந்தால் நானே மேடை ஏறி அந்த இருபதாயிரம் பேரிடமும் நடந்ததைச் சொல்கிறேன், யார் செய்தது என்பதையும் சேர்த்து. பேசத் தெரியாதவன் நான். ஆனாலும் சொல்வேன்.

தீவில் ஜூனிலும் காற்று குளிராக அடிக்கும் என்று ஹென்னிங் சொல்கிறான். கரையோரம் நடக்கும்போது கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொள், ஃபென்யா. வலப்பக்கம் நன்றாக இழுத்துவிட்டுக்கொள்.

தோர்பென்