முதல் விமானத்துக்கு

நார்த் கிங்ஸ்டவுன், ரோட் ஐலண்ட்
24 செப்டம்பர் 1968

அன்புள்ள ஹார்லனுக்கு,

நீயும் உன் டீசல் இயந்திரங்களும் நலமா? குளிர்காலம் முடிந்து தென் துருவப் பனியில் உங்கள் முகாமுக்கு வரும் முதல் விமானத்தில் இந்தக் கடிதம் வருகிறது. எட்டு மாதத் தபாலும் ஒரே மூட்டையில் வரும். அதனால்தான் உறைமேல் 'முதலில் பிரி' என்று எழுதினேன், உட்கார்ந்து படி.

நாட்டு நடப்பு உனக்கு ரேடியோவில் கொஞ்சம் வந்திருக்கும். ஏப்ரலில் கிங்கைச் சுட்டார்கள், ஊர் ஊராகப் பற்றி எரிந்தது. ஜூனில் கென்னடியின் தம்பியைச் சுட்டார்கள். போன மாதம் சிகாகோவில் போலீஸ்காரர்கள் தடியெடுத்து, போரை எதிர்த்த பிள்ளைகளை அடித்ததை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தோம். இப்போது யாருமே டிவியை அணைப்பதில்லை. அடுத்து என்ன வருமோ என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். எதிர்வீட்டு டோலரஸின் மகள் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே பாவாடை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். பாதிரியார் பிரசங்கத்தில் இரண்டு தடவை தடுமாறினார். இப்படியே நாலு பக்கம் எழுதிவிடுவேன், விஷயத்துக்கு வரத்தான் பயமாக இருக்கிறது.

நம் கர்ட்டிஸ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். கையெழுத்துப் போட்டது நான்.

நீ கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பையன் பட்டாளத்துக் காகிதத்தத் தூக்கிட்டு வந்தா, நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ பேனாவத் தொடாத" என்றாய். நானும் தொடாமல்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் கென்னடி தம்பியின் உடலை ரயிலில் கொண்டுபோனதை டிவியில் காட்டினார்கள். அவன் காலையிலிருந்து இருட்டும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு, "எல்லாரும் எங்கயோ ஏதோ செய்றாங்கம்மா. நான் மட்டும் அடுத்தவங்க வீட்ல புல்லு வெட்டிட்டிருக்கேன்" என்றான். அதிலிருந்து இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவே இல்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை, ஹார்லன்.

ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் இருந்தவர், பதினெட்டு ஆகாதவனுக்குப் பெற்றோர் கையெழுத்து போதும், இப்போதே வந்தால் அப்பாவைப் போல மெக்கானிக் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, காத்திருந்தால் எங்கே தள்ளுவார்களோ என்றார். அப்பா இருக்கும் இடம் என்ற கட்டத்தில் 'தென் துருவம்' என்று எழுதினேன். "ஊர்ப் பேரப் போடுங்கம்மா, விளையாடாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன், அதுதான் இப்போது வலிக்கிறது.

ஜூலையில் நீ ரேடியோவில் கூப்பிட்டபோது அவன் போய் ஒன்பது நாள். நீ பையனைப் பற்றிக் கேட்டாய். உன் முகாமே கேட்டுக்கொண்டிருக்கும், நடுவில் உன் ரேடியோவை என் போனோடு இணைத்துக் கொடுக்கும் நியூஜெர்சி பிங்காமும் கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் குரலுக்குத்தான் பயந்தேன். "நல்லா இருக்கான், ஓவர்" என்றேன். அரை மணி கழித்து பிங்காமே போன் செய்தார். "நீங்க எதையோ முழுங்கிட்டீங்கம்மா. கேக்கறது என் வேலை இல்ல. ஆனா தூங்க முடியல" என்றார். நானும் தூங்கவில்லை.

போன வாரம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. மெக்கானிக் வேலை இல்லையாம், காலாட்படையாம். நவம்பர் ஒன்பதாம் தேதி பதினெட்டு முடிகிறது, அதற்கு முன் போருக்கு அனுப்பமாட்டார்களாம். பத்தாம் தேதி வரை வீட்டில் விடுப்பு, அதற்குப் பிறகு வியட்நாம். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ எழுதாத" என்று அடிக்கோடு போட்டிருக்கிறான். உன் சொல்லை மீறினேன், இப்போது அவன் சொல்லையும் மீறுகிறேன்.

அடுத்த குழுவிடம் வேலையை ஒப்படைக்க நவம்பர் முடிவாகும் என்றாய். அதுவரை காத்திருக்க முடியாது. இந்தக் கடிதம் வந்த விமானம் திரும்பும்போது அதில் ஓர் இடம் கேள். உன் அதிகாரி கல்லாக இருந்தால் இந்தக் காகிதத்தைக் காட்டு, என் பெயர் கெட்டால் கெடட்டும்.

என்னிடம் பேச வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். நேராக அவன் அறைக்குப் போ. நீ அவனைக் கட்டிப்பிடித்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். கடவுள் உன் விமானத்தைச் சீக்கிரம் கிளப்பட்டும்.

உன்
வெர்னா